திரும்பி வந்த சீந்தில் பொடி

மட்டாஞ்சேரி,
ஆடி 17, சனிக்கிழமை.

மகள் வசந்திக்கு அப்பா சங்கரலிங்கம் எழுதிக்கொள்வது. நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, சுகமில்லை என்று எனக்குத் தெரியும், எப்படித் தெரிந்தது என்பதைக் கீழே எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதவும் கை வரவில்லை. இது விசாரிக்கிற கடிதம் என்று நினைத்துப் பிரித்திருந்தால் இப்போதே தெரிந்துகொள், திட்டுவதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் திட்டலாம்தான், ஆனால் போனில் நீ அழுவாய், நீ அழுதால் பத்து நிமிஷத்தில் என் கோபம் போய்விடும், இந்தத் தடவை எனக்குக் கோபம் போகக்கூடாது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். நல்லது, மெல்ல வாசி, மெல்ல வாசித்தால்தான் உறைக்கும். சந்தீப் கையில் கொடுத்துவிட்டுத் தப்பிக்கலாம் என்று பார்க்காதே, உன் புருஷனுக்குத் தமிழில் அ கூடத் தெரியாது. அவனுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறேன், அவன் பங்கை நீயே வாசித்து அவனுக்குச் சொல்லு.

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை எங்கள் மூலிகைக் குடோனில் நல்ல மும்முரம். கர்க்கடகம் பிறந்தால் எப்படி என்று உனக்கே தெரியும், ஊரெல்லாம் மருந்துக் கஞ்சி குடிக்கிற மாதம், ஒரு நாளைக்கு இருநூறு பெட்டி கட்டி அனுப்புகிறோம். நான் கட்டுகிறேன், மஞ்சுஷா கம்ப்யூட்டரில் விலாசச் சீட்டு அடித்து ஒட்டுகிறாள். சீட்டெல்லாம் இங்கிலீஷ், என் கண்ணுக்கு எல்லாம் ஒரே எறும்பு வரிசைதான். மத்தியானம் கூரியர்காரன் திரும்பி வந்த பொட்டலம் நாலைந்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான், மஞ்சுஷா ஒவ்வொன்றாய் எடுத்து வாசித்துக் கணக்கில் ஏற்றினாள். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சங்கரலிங்கம் சேட்டா, இதுல உங்க பேரு உண்டல்லோ என்றாள். எனக்கு எந்த மகாராஜா பொட்டலம் அனுப்பினான் என்று சிரித்தேன். சேட்டனுக்கு இல்லா, வசந்தி சங்கரலிங்கம்னு போட்டிருக்கு, நாக்பூர், மூணு தடவை போயி வீடு பூட்டிக் கிடந்துச்சாம், சேட்டனோட மோளு பேரு வசந்திதானே என்றாள். வாங்கிப் பிரித்தேன். உள்ளே இரண்டு துணிப்பை, சீந்தில் பொடி ஒன்று, அமுக்கராப் பொடி ஒன்று. பையின் வாயில் கிடந்த முடிச்சு என் முடிச்சு. இருபத்தாறு வருஷம் மூட்டை வாய் கட்டின கை இது, சின்ன நூலாக இருந்தாலும் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே கொடுத்து இழுக்கும், அந்தக் குடோனில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. மஞ்சுஷா கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, மாசிக் கடைசியிலிருந்து மாசாமாசம் இதே ஆர்டர் போயிருக்கு சேட்டா, இது அஞ்சாவது என்றாள்.

அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாய். குரல் கம்மிப் போயிருந்தது, சளி என்றாய். வீடு ஏன் பூட்டிக் கிடந்தது என்றதற்கு, சந்தீப்போட கூட்டுக்காரன் கல்யாணத்துக்கு போபால் போயிருந்தோம்ப்பா என்றாய். சீந்தில் பொடி யாருக்கு என்று கேட்டேன். அது அத்தைக்குப்பா, முட்டுவலிக்கு என்றாய். ஏட்டி, பொய் சொல்வதற்கும் ஒரு வகைதொகை வேண்டாமா? உன் மாமியார் இருப்பது பள்ளுருத்தியில், குடோனிலிருந்து பஸ்ஸில் போனால் அரை மணி நேரம். அவர் முட்டில் தடவ மட்டாஞ்சேரி மருந்து நாக்பூர் வரைக்கும் போய்ச் சுற்றி வர வேண்டுமா? அதுவும் தின்கிற பொடி. சுமடு தூக்கினவனுக்கு மூளையும் முதுகில்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாயா? சின்ன வயதில் பென்சிலைத் தொலைத்துவிட்டுப் பொய் சொல்லும்போது காது மடலைப் பிடித்துத் திருகிக்கொண்டே நிற்பாய். நாக்பூரில் நீ காதைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு இங்கே தெரிந்தது. சரி தாயி என்று போனை வைத்தேன், முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு தோப்பும்படி போய் பஸ் மாறி பள்ளுருத்திக்குப் போனேன்.

போகிற வழியெல்லாம் உன் மாமியாரை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். பேரப்பிள்ளை பேரப்பிள்ளை என்று அரித்து அந்த அம்மாதான் உன்னை இந்தப் பொடியில் இறக்கியிருப்பார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவர் வாசலில் போய் நின்று, குடையைக்கூட விரிக்காமல் மழையில் நனைந்துகொண்டு, எதையெல்லாம் சம்பந்தி வீட்டில் பேசக்கூடாதோ அதையெல்லாம் பேசினேன். என் மகளை மலடி என்று சொன்னீர்களா என்று கேட்டேன், பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தது. உன் மாமியார் கமலாக்ஷி அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் ஒரு தோர்த்து முண்டு எடுத்துவந்து கொடுத்து, முதல்ல தலை துடைங்க சேட்டா, நீங்களும் ஒத்தைக் கிட்னிக்காரர், மழை கொள்ளக் கூடாது என்றார். நான் தலையைத் துடைக்கத் துடைக்க அவர் பேசினார். நான் அவகிட்ட குழந்தையைப் பத்தி ஒரு வாக்குக் கேட்டதில்லை, அவ உசிரோட இருந்தாப் போதும்னு நேர்ச்சை நேர்ந்து வச்சிருக்கேன் என்றார். சாயா கொடுத்தார். அப்புறம்தான் கேட்டார், ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறம் வசந்தி கொஞ்சம் தெளிஞ்சாளா என்று. எந்த ஆஸ்பத்திரி என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. சேட்டன் அறிஞ்சில்லையா, ஒம்பது நாள் கிடந்தாளே என்றார். ஒன்பது நாள், வசந்தி. அந்த ஒன்பது நாளில் மூன்று தடவை நீ என்னோடு பேசியிருக்கிறாய், அங்கே மழையாப்பா என்று கேட்டிருக்கிறாய், அம்மாவுக்குச் சுகர் எவ்வளவு என்று கேட்டிருக்கிறாய், கையில் ஊசியைக் குத்தி வைத்துக்கொண்டு. உன் வீடு பூட்டிக் கிடப்பது கூரியர்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, பெற்ற அப்பனுக்குத் தெரியவில்லை. சம்பந்தியம்மா இன்னொன்றும் சொன்னார். அதை இப்போது எழுதமாட்டேன், எழுதினால் என் கோபம் வேறு பக்கம் திரும்பிவிடும், உன்மேல் உள்ளதை முதலில் முடிக்கிறேன்.

அவர் வீட்டிலிருந்தே சந்தீப்புக்குப் போட்டேன். இரண்டு அதட்டு அதட்டினதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ரத்தத்தில் ஒன்று புள்ளி ஒன்றாக இருந்த கிரியாட்டினின், கிட்னி கெட்டால் ஏறுமே அது, மூன்றைத் தாண்டிப் போனதாம், கிட்னியில் ஊசி விட்டுத் துளிச் சதை எடுத்துச் சோதித்தார்களாம், உன் உடம்பு என் கிட்னியை வெளியே தள்ள ஆரம்பித்திருக்கிறதாம். மூன்று நாள் மருந்து ஏற்றி இப்போது ஒன்று புள்ளி எட்டில் வந்து நிற்கிறதாம், இதற்குக் கீழே வருமா வராதா என்று அங்குள்ள டாக்டர்களுக்கே சொல்லத் தெரியவில்லையாம். சித்திரையிலிருந்தே ராத்திரி சாப்பிடுகிற மாத்திரையில் ஒன்றை நீ நிறுத்திவிட்டாயாமே, அதற்குப் பதிலாகத்தான் பொடியாமே. போனில் யாரோ ஒருத்தன் காவி வேட்டி கட்டிக்கொண்டு வருகிறானாம், மூலிகையால் உடம்பைப் பழக்கினால் மாற்றின கிட்னியை உடம்பு சொந்தமாக்கிக்கொள்ளும், மாத்திரை தானாக விலகிவிடும் என்கிறானாம், அவனுக்கு லட்சக்கணக்கில் கைதட்டாம். கிட்னி அவன் கொடுத்ததா? அவன் வயிற்றையா கீறினார்கள்? சந்தீப்பை நான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன் ரத்தம் உனக்குச் சேரவில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தேம்பி அழுதவன், அதற்காகவே அவன் செய்கிற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பெண்டாட்டி மாத்திரையைக் குப்பையில் போடுவதை நாலு மாதம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறானே, அவன் புருஷனா, சுவரில் மாட்டின போட்டோவா என்று நான் கேட்டதாக அவனிடம் சொல்லு. இந்த இடத்தை விடாமல் சொல்லு.

என் போனில் காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் மணி அடிப்பது உனக்குத் தெரியும், ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து அடிக்கிறது. காலையில் அது அடித்தால் குடோனில் சுக்குப் பொறுக்குகிற பெண்களெல்லாம் தலை தூக்கி, வசந்தி மருந்து கழிச்சோ சேட்டா, சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள், ஆச்சு ஆச்சு என்று நான் சொல்வேன், அதில் எனக்கு ஒரு பெருமை. ராத்திரி அடித்தால் உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து தன் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொள்வாள், மகள் சாப்பிடுகிற நேரத்தில் நானும் சாப்பிடுகிறேன் என்பாள். நாலு மாதமாக நாங்கள் இரண்டு கிழங்களும் இங்கே மணி பார்த்துக்கொண்டிருக்க, மகாராணி அங்கே மாத்திரையைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாய். இதை உன் அம்மாவிடம் சொன்னேன். சமையல்கட்டில் போய் எல்லாப் பாத்திரத்தையும் இறக்கி மறுபடி கழுவினாள், கழுவின பாத்திரத்தையே கழுவினாள். சுகர் இருநூற்று எண்பதுக்கு ஏறிவிட்டது, அதுவும் உன் கணக்குத்தான். கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அதை மட்டும் உன் தலையில் போட முடியவில்லை.

ஏன் இப்படிச் செய்தாள் என்று சந்தீப்பைக் கேட்டேன். குழந்தைக்காக அப்பா, அந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பம் ஆகக்கூடாதுன்னு எழுதியிருக்கு, அதான் என்றான். அதைக் கேட்டதும் எனக்கு மனசு இளகியிருக்கும் என்று நினைத்தாயானால், இல்லை, கோபம் இன்னும் ஏறினது. முப்பத்தொரு வயதில் பிள்ளைக்கு ஆசைப்படுவதில் என்ன தப்பு? கை நடுங்குகிறது, முடி கொட்டுகிறது, கண்ணாடியில் என் முகமே எனக்குத் தெரியவில்லை என்று நீ முன்னே ஒரு தடவை சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் கேட்க ஒரு வாய் இல்லாமல் போய்விட்டதா? மறுநாளே எர்ணாகுளத்துக்குப் போய், நமக்கு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் உன் டாக்டரம்மாவைப் பார்த்தேன். திரும்பி வந்த பொட்டலத்தையும் கொண்டு போனேன், உனக்காக உன் அம்மா போட்டு வைத்திருந்த நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியையும் கொண்டு போனேன், இனிமேல் எதையும் நம்புவதாக இல்லை. வெளியே உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் ஜாடியைப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பொடியை மோந்து பார்த்தார், பெயரைக் கேட்டார், ஓ, சிற்றமிர்தா என்றார், சீந்திலுக்கு மலையாளப் பெயர் அது. இது உடம்புக்குச் சக்தி கொடுக்கும்னு எல்லாரும் சொல்றாங்க இல்லையா, உங்க மோளுக்கு அதுதான் ஆகாது என்றார். உடம்புக்கு ஒரு காவல்காரன் உண்டு, வெளியாள் வந்தால் அடிக்கிறதுதான் அவன் வேலை, அச்சனோட கிட்னியும் அவனுக்கு வெளியாள்தான், அதனால நாங்க மாத்திரை கொடுத்து அவனைத் தூங்கவச்சிருக்கோம், நீங்க அந்த மாத்திரையில ஒண்ணை நிறுத்திட்டு, கூட இந்தப் பொடியையும் கொடுத்து அவனைத் தட்டி எழுப்பினா அவன் என்ன செய்வான் என்று கேட்டார். எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, மாத்திரையை விட்டது பெரிய தப்பு, பொடி அதோடு சேர்ந்துகொண்டது என்றார். ஊறுகாயில் உப்பு அதிகம், வேண்டாம் என்றார், ஜாடியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

வெளியே வரும்போது குழந்தை விஷயத்தை நான் கேட்டேன் வசந்தி. அறுபதை எட்டப்போகிற ஆம்பளை, ஒரு பொம்பளை டாக்டரிடம் மகளுக்குப் பிள்ளை பிறக்குமா என்று கேட்கிற வெட்கத்தையும் உனக்காகப் பட்டேன். அவர் சொன்னதைக் கவனமாக வாசி. மாற்றுக் கிட்னி வைத்த பெண்கள் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், இவரே நாலைந்து பேரைப் பார்த்திருக்கிறார். அந்த ஒரு மாத்திரையை வேறொன்றாக மாற்றுவார்களாம், மாற்றிச் சில மாதம் விட்டு, கிட்னி ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம்தானாம். இவ்வளவுதான் விஷயம். ஒரு கேள்வி கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். இனி கிட்னி பழையபடி நின்றால்தான் அந்தப் பேச்சே என்றும் சொன்னார், அது உன் கையால் நீயே வைத்துக்கொண்டது. அதற்காக இப்போது உட்கார்ந்து அழாதே, அழுதால் ரத்தக் கொதிப்பு ஏறும், அதுவும் கிட்னிக்கு ஆகாதாம்.

இப்போது சம்பந்தியம்மா சொன்ன இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். அவர் உன்னிடம் கேட்டாராம், இந்தப் பொடியெல்லாம் சாப்பிடலாமா மோளே, எங்கேருந்து வாங்குற என்று. நீ சொன்னாயாம், பேடிக்க வேண்டாம் அம்மா, பயமே வேண்டாம், வேறெங்கேயும் வாங்கலை, எங்க அப்பா குடோன்லேருந்துதான் வாங்குறேன், அப்பா கையால கட்டுறது, அதுல கலப்படம் வராது, நல்லதில்லாததை அப்பா கட்டமாட்டாரு என்று. அந்த அம்மா இதை என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். நான் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில், அப்பா சீந்தில்னா என்னப்பா, நல்லதா என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நான் என்ன பேச்சுப் பேசினேன்! கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசினேன். அது அமிர்தம், சாகாத கொடி, வெட்டிப் போட்டாலும் காற்றைக் குடித்துத் துளிர்க்கும், அதைச் சாப்பிட்டவனை நோய் அண்டாது, எங்கள் குடோன் சரக்கு மாதிரி கொச்சியில் எங்கும் கிடைக்காது என்றெல்லாம் அளந்தேன். எதற்குக் கேட்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை தெரியுமா? ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு மாதம் பாரம் தூக்கக்கூடாது என்றார்கள், ஆறு மாதத்தில் யூனியனில் என் இடத்தில் வேறு ஆள் ஏறிவிட்டான். நூறு கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஜார் ரோட்டில் வழிவிடு வழிவிடு என்று ஓடினவன், இப்போது சம்மணம் போட்டு உட்கார்ந்து பொடி கட்டுகிறேன், பழைய கூட்டாளிகள் குடோன் வாசலில் லாரி இறக்கும்போது உள்ளே தலையை நீட்டி, என்ன வைத்தியரே என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். உனக்காக விட்டதில் எனக்கு வருத்தமே கிடையாது, இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் மகள் ஒரு விஷயம் கேட்கிறாள், அப்பனுக்கு இன்னும் ஏதோ தெரியும் என்று கேட்கிறாள் என்றதும் எனக்குத் தலை கால் புரியவில்லை. தெரியாததை எல்லாம் தெரிந்த மாதிரி பேசிவிட்டேன். நீ அதை நம்பினாய். நான் கொடுத்த கிட்னிக்கு நானே என் கையால் வினை கட்டி, முடிச்சும் போட்டு, மாசாமாசம் அனுப்பியிருக்கிறேன். இந்தப் பாவத்தை உன்மேல் போட முடியவில்லை, அதனால்தான் உன்மேல் இவ்வளவு ஆத்திரமாக வருகிறதோ என்னவோ.

அதற்காக உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அப்பன் ஒரு முட்டாள், ஐம்பத்தெட்டு வயதில் எட்டாம் வகுப்பு முட்டாள், நீ காலேஜ் படித்தவள். உனக்கு எங்கே போயிற்று புத்தி? மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை, அது பாட்டுக்குக் கொடியில் கிடந்தது, ஆகிறவர்களுக்கு ஆகும். குடோனில் இப்போது ஒரு வேலை செய்கிறேன், முதலாளிக்குத் தெரியாது, தெரிந்தால் வேலை போகும். முதலில் அவரிடம் போய், பையின்மேல் ஒரு வரி அச்சடிங்க முதலாளி என்று கேட்டேன், விற்கிற சரக்குக்கு எதிராக நாமே அச்சடிப்பதா என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதனால் மஞ்சுஷா மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதித் தருகிறாள், கிட்னியோ ஈரலோ மாற்றி வைத்தவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைச் சாப்பிடவேண்டாம் என்று. அதற்குக் கீழே நான் தமிழில் ஒரு வரி எழுதுகிறேன், சீந்திலும் அமுக்கராவும் போகிற ஒவ்வொரு பையிலும் மடித்து வைத்துத்தான் முடிச்சுப் போடுகிறேன். இதுவரை எண்பது போயிருக்கும். எவள் அப்பனோ எங்கேயோ மணி பார்த்துக்கொண்டிருப்பான். உன் பெயரில் ஆர்டர் வந்தால் கிழித்துப் போடச் சொல்லி மஞ்சுஷாவிடம் சொல்லியிருக்கிறேன், வேறு பெயரில் போட்டாலும் நாக்பூர் விலாசம் அவளுக்கு இப்போது மனப்பாடம். அந்தக் காவி வேட்டிக்காரனை உன் போனிலிருந்து எடுத்துவிடு. வீட்டில் மீதி இருக்கிற பொடியைச் சந்தீப் கையால் சாக்கடையில் கொட்டச் சொல்லு, கொட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு, அவன் சொன்னால் நம்பமாட்டேன்.

வருகிற ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி உனக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை என்று சந்தீப் சொன்னான். ஒன்று புள்ளி எட்டுக்குக் கீழே வந்தால் சொல்லு, மேலே போனாலும் சொல்லு, சளி கிளி என்று கதை விடாதே. மழைக்கு என் விலாவில் தையல் போட்ட இடம் இழுத்துப் பிடிக்கிறது, அப்போதெல்லாம் அதன் ஜோடி அங்கே என்ன பாடு படுகிறதோ என்று நினைத்துக்கொள்கிறேன். டாக்டரம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன், அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. இது போய்விட்டால் என்னிடம் இன்னொன்று இருக்கிறதே, அதை எடுத்து அவளுக்கு வைக்க முடியுமா என்று கேட்டேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அச்சன் வீட்டுக்குப் போங்க என்றார். கிறுக்கன் என்று நினைத்திருப்பார். நீ என் பேச்சை மதிக்காமல், பொய் சொல்லி, ஆஸ்பத்திரியில் கிடந்ததை மறைத்து, எங்களை ஆள் என்றே எண்ணாமல் நடந்துகொண்டாய், அப்படியிருந்தும் நாளைக்கு நீ வந்து கை நீட்டினால் அதையும் எடுத்துக்கொள் என்றுதான் சொல்வேன், அது எனக்கே தெரிகிறது. உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்திலெல்லாம் பெரிய கோபம் இதுதான் வசந்தி.

உன் அம்மா சீனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், திட்டினது போதும், ஆசீர்வாதம் எழுதுங்க என்கிறாள். எழுதுகிறேன். நல்லா இருந்து தொலை. நாங்கள் கண்ணை மூடுகிற வரைக்கும் எங்களுக்கு முன்னால் நடமாடிக்கொண்டு இரு, உன் மடியில் ஒன்று தவழட்டும், அது உன்னை மாதிரிப் பொய் சொல்லி உன்னைப் படுத்தட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, தினமும் காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும், எல்லா மாத்திரையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்த பிறகு, எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நான் எடுக்கமாட்டேன், உன்னோடு எனக்குப் பேச்சு இல்லை. மணி அடித்தால் போதும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத அப்பா,
சு. சங்கரலிங்கம்.